ஸ்லீவுக்குப் பிறகு நிறை நின்றுபோனால்: காத்திருப்பதா, ஊசியா, இன்னொரு ஒப்பரேஷனா?

15 கிழமையாக என் தராசு எங்கே போனாலும் 86க்கே திரும்பி வருகிறது. ஒரு நாள் 85.6 காட்டும், மறுநாள் 86.4, கலியாண வீட்டுக்குப் போய்வந்த கிழமை 87, பிறகு திரும்பவும் அதே 86. கொழும்பில் ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும் பகுதியை வெட்டியெடுத்துக் குழாய் மாதிரி ஆக்கும் ஒப்பரேஷன், செய்துகொண்டபோது நான் 118 கிலோ. இப்போது 14 மாதம் ஆகிறது. முதல் அரை வருடம் தையல்காரரிடம் சட்டைகளைக் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டே இருந்தேன், அவருக்கே அலுத்துவிட்டது. இப்போது அந்தப் பக்கம் போகவே வேலை இல்லை. சந்தையில் கண்ட ஒரு பெரியம்மா, "என்ன பிள்ளை, வயித்த வெட்டியும் அப்பிடியே நிக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு வெண்டிக்காய் பொறுக்கப் போய்விட்டார். 32 கிலோ குறைந்தது அவர் கண்ணில் படவில்லை, நின்றது மட்டும் பட்டிருக்கிறது.

என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். பேசாமல் இரு என்கிறார் ஒருவர், 5 நாள் தண்ணியாகாரம் எடு என்கிறார் இன்னொருவர், ஜிம்முக்குப் போ, ஊசி போடு, திரும்ப ஒப்பரேஷன் செய். இவற்றில் சிலவற்றை நானே செய்து பார்த்தேன், சிலவற்றை டொக்டரிடம் கேட்டேன், மீதியைத் தேடி வாசித்தேன். நான் டொக்டர் இல்லை. ஆனால் திருகோணமலையில் இருந்துகொண்டு இந்த முடிவை எடுப்பதில் கொழும்பில் இருப்பவர்களுக்கு இல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. ஒப்பரேஷன் செய்த டொக்டர் கொழும்பில். இரவு ரயிலில் ஏறி, விடிய இறங்கி, கிளினிக்கில் காத்திருந்து, அன்றிரவே திரும்ப ஏறினால் ஒரு நாள் லீவும் இரண்டு இரவு நித்திரையும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு வழிக்கும் மருந்துக் காசோடு இந்தப் பயணத்தையும் சேர்த்துத்தான் நான் விலை பார்க்கிறேன்.

வழிகளுக்குப் போகுமுன் ஒன்று. நிறை நிற்பதெல்லாம் ஒரே நிற்பு அல்ல. ஒப்பரேஷன் முடிந்து 3ஆம் கிழமை அளவில் ஒன்று வரும், மிகப் பலருக்கு வரும், பலர் பயந்து அழுவதும் அப்போதுதான். நம் உடம்பு ஈரலிலும் தசையிலும் சீனியைக் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சேர்த்து வைத்திருக்கிறது, அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். முதல் நாட்களில் சாப்பாடு இல்லாததால் அந்தச் சேமிப்பு கரைந்து, தண்ணீரும் போய், தராசு மளமளவென்று இறங்குகிறது. பிறகு சாப்பாடு கொஞ்சம் கூடியதும் உடம்பு அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பப் பிடிக்கிறது. உள்ளே கொழுப்பு குறைந்துகொண்டுதான் இருக்கும், தராசு மட்டும் பொய் சொல்லும். ஒன்றிரண்டு கிழமையில் தானாகப் போய்விடும். அதற்கு மருந்து தேடுவது காலையில் போட்ட விதையை மாலையில் தோண்டிப் பார்ப்பது மாதிரி.

அடுத்தது இடையில், 5ஆம் மாதம் 8ஆம் மாதம் என்று, இரண்டு மூன்று கிழமை நின்று பிறகு படி இறங்குவதுபோல இறங்கும் வகை. அதுவும் வழமையானதுதான். மூன்றாவது எனக்கு வந்திருப்பது. ஸ்லீவுக்குப் பிறகு நிறை ஆகக் குறைவாக வருவது பெரும்பாலும் 12இலிருந்து 18 மாதத்துக்குள், அந்தக் காலத்துக்குள் வந்து நிற்கும் நிற்பு 3ஆம் கிழமை நிற்பைப் போலச் சும்மா விட்டால் போகிறது அல்ல. நான்காவது, அடிமட்டத்தைத் தொட்டு ஒன்றிரண்டு வருடம் கழித்து மெல்ல ஏறத் தொடங்குவது. ஏறுவது தேக்கமே அல்ல, அது வேறு விஷயம், ஆனால் சனம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ஒரே மருந்து கேட்கிறது. உங்களுக்கு வந்திருப்பது இதில் எது என்று தெரியாமல் வழியைத் தெரிவு செய்தால் காசு வீண்.

என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 118இல் 32 போனால் 27 சதவீதம். ஸ்லீவ் செய்தவர்கள் ஒரு வருடத்தில் சராசரியாக மொத்த நிறையில் 25இலிருந்து 30 சதவீதம் வரை குறைகிறார்கள். அதாவது நான் பாதி வழியில் நிற்கவில்லை. ஸ்லீவ் பொதுவாகக் கொண்டுபோய் விடும் இடத்துக்கு என்னையும் கொண்டுவந்து விட்டிருக்கிறது. இது தெரிந்த அன்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், ஆனால் மனம் நொந்ததுதான் உண்மை. ஏனென்றால் என் தலைக்குள் 65 என்று ஒரு இலக்கம் இருந்தது. யார் சொன்னது என்று யோசித்துப் பார்த்தால், எந்த டொக்டரும் சொல்லவில்லை. கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த உயரத்துக்கேற்ற நிறை அட்டவணையில் என் உயரம் 158 சென்ரிமீற்றருக்கு நேரே விரலை வைத்து நானே எடுத்துக்கொண்டது.

இன்னொரு கணக்கு. சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் கலோரியைக் கணக்கிட மிஃப்லின் சென்ஜியோர் என்றொரு சூத்திரம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கிலோ நிறைக்கும் 10 கலோரி. 32 கிலோ குறைந்தால் ஒரு நாளைக்கு 320 கலோரி குறைவாகத்தான் எரியும். இது சூத்திரம் சொல்வது மட்டும். வேகமாக மெலிந்த உடம்பு அதைவிடவும் கொஞ்சம் கூடுதலாகச் சிக்கனம் பிடிக்கும், அது வேறு. அப்போ 118 கிலோவில் என்னை மெலியவைத்த அதே சாப்பாடு 86 கிலோவில் என்னை அப்படியே வைத்திருக்கப் போதுமாகிறது. வயிறு பெருத்துவிட்டதோ, தையல் விட்டுவிட்டதோ என்று இரவில் பயப்படுவதற்கு முன் இந்தக் கழித்தலைச் செய்திருக்கலாம்.

320 கலோரி எங்கே இருக்கிறது தெரியுமா? மூன்று பால் தேத்தண்ணியில். ஒரு கோப்பைக்கு 15 கிராம் ஆடை நீக்காத பால்மா, அது 75 கலோரி. தட்டையாக 2 தேக்கரண்டி சீனி, அது 32. மொத்தம் 107, மூன்று தரம் 321. நான் இதைக் கணக்குப் போட்டபோது கந்தோரில் இரண்டாவது கோப்பை கையில் இருந்தது. ஸ்லீவ் செய்த வயிறு சோற்றுக்கும் மீனுக்கும் கதவை அடைக்கும், ஆனால் தேத்தண்ணி, ஐஸ்கிறீம், தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட், பாணி ஊற்றிய எருமைத் தயிர், இவையெல்லாம் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், நிரம்பிய உணர்வே வராது. மூதூர்ப் பக்கத்துச் சட்டித் தயிர் நல்ல சாப்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. பாணிதான் குற்றவாளி.

சரி, இனி வழிகள்.

பேசாமல் இருப்பது முதலாவது. செலவில்லை, கொழும்புப் பயணமும் இல்லை. ஒப்பரேஷனாகி ஒரு வருடத்துக்குள் நிற்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன், இடுப்பை நாடாவால் அளந்து வைத்துக்கொண்டு ஒரு மாதம் பொறுத்தால் போதும். தராசு நிற்கும்போது இடுப்பு 2 சென்ரிமீற்றர் குறைந்திருப்பதை நான் 7ஆம் மாதத்தில் பார்த்தேன். ஆனால் 14ஆம் மாதத்தில், நாடாவும் நின்றுவிட்ட பிறகு, பேசாமல் இருப்பது என்றால் "இதுதான் என் நிறை" என்று ஏற்றுக்கொள்வது. அது தவறான முடிவு அல்ல. என் சீனி வருத்தத்துக்கு முன்பு இரண்டு வகைக் குளிசை, இப்போது ஒன்றுமில்லை. பிரஷர் குளிசை பாதியாகிவிட்டது. கோணேசர் கோயில் ஏற்றத்தில் இடையில் நிற்காமல் போகிறேன். இவ்வளவும் கிடைத்த ஒருவர் 86இல் நிம்மதியாக இருந்துவிடலாம். நான் ஏன் இருக்கவில்லை என்றால் முழங்கால். படி இறங்கும்போது இன்னும் வலிக்கிறது, இன்னும் 8 அல்லது 10 கிலோ போனால் அது விடும் என்று நம்புகிறேன். காரணம் கண்ணாடியாக இருந்திருந்தால் இங்கேயே நிறுத்தியிருப்பேன்.

இரண்டாவது, ஒப்பரேஷன் முடிந்து வரும்போது தந்த தாளில் இருந்த விதிகளுக்குத் திரும்பிப் போவது. கேட்க அலுப்பாக இருக்கும், எனக்கும் இருந்தது. அந்தத் தாளைத் தேடியெடுக்கவே இரண்டு நாள் ஆனது, பூசை அறையில் பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. ஒரு நாளைக்கு ஆகக் குறைந்தது 60இலிருந்து 80 கிராம் புரதம். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, முடிந்து 30 நிமிடம் பொறுக்க வேண்டும். மென்று மெதுவாக. முதலில் புரதம், பிறகு மரக்கறி, இடமிருந்தால் சோறு. நான் ஒரு கிழமை, சாப்பிட்டது முழுவதையும் கொப்பியில் எழுதினேன், பொய் எழுதாமல். புரதம் 40ஐத் தாண்டிய நாள் இரண்டே இரண்டு. காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் சோறும் ஒரு துண்டு மீனும், பின்னேரம் கந்தோரில் யாராவது வாங்கிவரும் ரோல்ஸில் பாதி, இரவு பிட்டு. அளவு சின்னதுதான், குருவிச் சாப்பாடு. ஆனால் அந்தக் குருவிச் சாப்பாடு முழுக்க மாவும் தேங்காயும்.

திருகோணமலையில் இருக்கிறவர்களுக்கு இந்த வழியில் ஒரு வசதி. மீன் வாசலுக்கு வருகிறது. சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். அறக்குளா வாங்க வேண்டும் என்றில்லை, சூடையும் கீரியும் போதும், விலையும் குறைவு. முட்டை ஒன்றில் 6 கிராம். சோயா மீட் காய்ந்த நிலையில் பாதிக்குப் பாதி புரதம், 30 கிராம் போட்டால் 15 கிடைக்கும், விரத நாட்களில் அதுதான் கை கொடுக்கிறது. காலையில் 2 முட்டை, மத்தியானமும் இரவும் 100 கிராம் மீன், இடையில் கொஞ்சம் பருப்பு அல்லது பாணி இல்லாத தயிர் என்று வைத்தால் 60ஐத் தாண்டிவிடலாம், ஒரு டின் புரத மாவும் வாங்கத் தேவையில்லை. பொரிக்காமல் இருக்க வேண்டும், அதுதான் வீட்டில் சண்டை. அம்மாவுக்குச் சூடை என்றால் பொரியல்தான், தீயல் என்றால் முகத்தைச் சுழிப்பார். இப்போது இரண்டு சட்டி வைக்கிறோம்.

இதைச் செய்து ஆறு கிழமையில் எனக்குக் குறைந்தது 1.4 கிலோ. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பிறகு அதுவும் திரும்ப வந்துவிட்டது, ஏனென்றால் சித்திரையில் ஒரு கிழமை ஊர் முழுக்கப் பலகாரம். ஆனால் பசி குறைந்தது, மயிர் கொட்டுவது குறைந்தது. வேறு எந்த வழியில் போனாலும் இது அடியில் இருக்க வேண்டும் என்பது அப்போது புரிந்தது. நேரில் போக முடியாதவர்கள் போசணை ஆலோசகரோடு வீடியோவில் கதைக்கலாம், எழுதிய கொப்பியைப் படமெடுத்து அனுப்பினால் அவர்களுக்கு அது போதும். பயணச் செலவு பூச்சியம்.

மூன்றாவது, 5 நாள் தண்ணியாகாரம். வயிற்றை "மறுபடி சின்னதாக்கும்" என்று இதைச் சொல்கிறார்கள். வெட்டித் தைத்த வயிறு 5 நாள் சூப் குடித்தால் சுருங்காது, இவ்வளவுதான் விஷயம். நான் செய்தேன், ஏன் மறைக்க. 4ஆம் நாள் 83.5 காட்டியது, துள்ளிக் குதித்தேன், மறுநாள் காலை பத்திரகாளி அம்மன் கோயில் வீதியில் தலை சுற்றி ஒரு கடை வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். 10 நாளில் 86. போனது மேலே சொன்ன அந்தக் கிளைக்கோஜனும் தண்ணீரும். கந்தசஷ்டி 6 நாளும் இளநீரோடு இருந்து இதே பலனை எதிர்பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். விரதம் பக்திக்கு, அதை நான் தொடவில்லை, ஆனால் சின்ன வயிற்றில் ஒரே தரத்தில் தண்ணீர் நிறையக் குடிக்க முடியாது, நாள் முழுக்க விட்டதை இரவில் ஈடுசெய்ய வழியில்லை, ஆகவே விரதமோ நோன்போ பிடிக்கிறவர்கள் முதல் வருடத்திலாவது டொக்டரைக் கேட்டுவிட்டுப் பிடிப்பது நல்லது. மெலிவுத் தேயிலை என்று விற்கும் பக்கற்றுகளைப் பற்றி ஒரே வரி: பலவற்றில் இருப்பது பேதி மருந்து, வயிற்றால் போவது கொழுப்பு அல்ல.

நான்காவது உடற்பயிற்சி. இதில் நடையையும் பாரம் தூக்குவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும், எல்லோரும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். உவர்மலையிலிருந்து இறங்கி, டச்சுக் குடாக் கரையால் போய், கோட்டை வாசலுக்குள் மான்களைத் தாண்டிக் கோயில் வரை ஏறித் திரும்பினால் எனக்குக் கிட்டத்தட்ட 4 கிலோமீற்றர். என் நிறைக்கு அதில் 250 கலோரி அளவில் போகும். மனதுக்கு நல்லது, சீனிக்கு நல்லது. ஆனால் நடந்துவிட்டு வந்து ஒரு பால் தேத்தண்ணியும் ஒரு உளுந்து வடையும் என்றால் கணக்கு சமன். நான் பல மாதம் அப்படித்தான் நடந்தேன். காலமும் பார்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை காலை 7 மணிக்குப் பிறகு ரோட்டில் நடப்பது தண்டனை, 5.30க்குப் புறப்பட வேண்டும். அதே மாதங்களில் உப்புவெளி, நிலாவெளிக் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி இருக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நெஞ்சளவு தண்ணீரில் நடப்பதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்தால் இரண்டும் போச்சு, கார்த்திகையிலிருந்து தை வரை வீட்டுக்குள் செய்ய ஏதாவது இருக்க வேண்டும்.

அந்த ஏதாவதுதான் பாரம். இப்படி வேகமாக மெலியும்போது போவதெல்லாம் கொழுப்பு அல்ல, தசையும் சேர்ந்து போகிறது, புரதம் போதாமல் இருந்தால் இன்னும் கூடுதலாகப் போகும். தசை போனால் எரிப்பும் குறையும், எழுந்திருக்கும் பலமும் குறையும். அதைப் பிடித்து வைப்பதற்கும் திரும்பக் கட்டுவதற்கும் நடை போதாது, தசைக்குச் சுமை வேண்டும். ஜிம்முக்குப் போகலாம்தான், ஆனால் 42 வயதில் இளந்தாரிப் பெடியன்கள் நடுவில் குந்தி எழும்ப எனக்கு வெட்கம், அதை ஒத்துக்கொள்கிறேன். பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் 5 லீற்றர்த் தண்ணீர்க் கான் இரண்டு, கைக்கு 5 கிலோ. கதிரையில் உட்கார்ந்து எழும்புவது, கான்களைத் தூக்கி நடப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. கிழமைக்கு 3 நாள், அரை மணித்தியாலம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், பாரம் தொடங்கிய முதல் மாதம் தராசு கொஞ்சம் ஏறினாலும் ஏறும், வேலை செய்த தசை தண்ணீர் பிடிக்கும். தராசைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு நாடாவை எடுங்கள்.

ஊசிக்கு வருவோம், எல்லோரும் கேட்பது இதைத்தான். லிராகுளுட்டைட் நாளுக்கு ஒன்று, செமாகுளுட்டைட்டும் டிர்ஸெபடைட்டும் கிழமைக்கு ஒன்று. பசியைக் குறைத்து, வயிறு காலியாவதை மெதுவாக்கும் ஹோர்மோன் வகை மருந்துகள். ஒப்பரேஷன் செய்யாதவர்களில் செமாகுளுட்டைட் 2.4 மில்லிகிராம் 68 கிழமையில் சராசரியாக 15 சதவீதத்துக்குக் கிட்டக் குறைத்தது, இது 2021இல் வந்த பெரிய ஆய்வு. ஒப்பரேஷன் செய்தவர்களை வைத்துப் பார்த்தது, இங்கிலாந்தில் செய்து 2023இல் வெளியான ஆய்வு. ஒப்பரேஷனுக்குப் பிறகு போதிய அளவு குறையாதவர்களுக்கு லிராகுளுட்டைட் 3 மில்லிகிராம் 24 கிழமை கொடுத்தார்கள், ஊசி போட்டவர்கள் சராசரியாக 8.8 சதவீதம் குறைந்தார்கள், மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்கள் அரை சதவீதம். என் 86இல் 8.8 சதவீதம் என்றால் ஏழரைக் கிலோ. நான் தேடுவதும் ஏறக்குறைய அதேதான், ஆகவே ஆசை வரத்தான் செய்தது.

அப்புறம் மறுபக்கம். நிறுத்தினால் திரும்புகிறது. செமாகுளுட்டைட்டை நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியதை அதே ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. ஆகவே விலை கேட்கும்போது ஒரு மாத விலையைக் கேட்காதீர்கள், சில வருட விலையைக் கேளுங்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக மருந்து வாங்கிப் பழகிய எங்களுக்கு அந்தத் தொகை தலையைச் சுற்ற வைக்கும். இரண்டாவது, ஓங்காளம், வாந்தி, மலச்சிக்கல். ஸ்லீவ் வயிற்றோடு வாந்தி நாட்கணக்கில் தொடர்ந்தால் விற்றமின் பி1 குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும், அது விளையாட்டல்ல. அப்படி வந்தால் கொழும்பு டொக்டரின் நம்பருக்கு மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கே போய், ஸ்லீவ் செய்தவர் என்பதை வாசலிலேயே சொல்ல வேண்டும். பித்தப்பைக் கல், கணைய அழற்சி என்று வேறு எச்சரிக்கைகளும் உண்டு. குடும்பத்தில் தைரொயிட்டின் மெடுலரி வகைப் புற்றுநோய் இருந்தால் தொடவே கூடாது, பிள்ளைக்குத் திட்டமிடுகிறவர்கள் செமாகுளுட்டைட்டை 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

மூன்றாவது எங்கள் ஊர்ப் பிரச்சினை, சூடு. திறக்காத பேனா 2இலிருந்து 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். பாவிக்கத் தொடங்கியதையும் 30 பாகைக்கு மேல் வைக்கக் கூடாது, ஆனி ஆடியில் எங்கள் வீட்டு மேசைமேல் 30க்குக் கீழே எப்போது இருந்தது? கொழும்பில் வாங்கி ரயிலில் கொண்டுவர ஐஸ் பெட்டி வேண்டும், ஐஸில் நேரே முட்டி உறைந்துவிடவும் கூடாது. கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காமல் காவல் இருக்க வேண்டும். இவ்வளவையும் எழுதுவது பயமுறுத்த அல்ல. ஊசி போடுவது தோற்றுப்போனதன் அடையாளம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவரை யாராவது அப்படிச் சொல்வோமா? ஆனால் புரதம் 40இல் இருக்கும்போது பசியை இன்னும் அடக்கும் மருந்தை எடுத்தால், சாப்பாடு இன்னும் சுருங்கி, முதலில் போவது தசையாகத்தான் இருக்கும். வரிசை முக்கியம்.

கடைசி, இரண்டாவது ஒப்பரேஷன். ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவது, அதாவது வயிற்றில் ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு அதை நேரே சிறுகுடலோடு இணைப்பது. இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறேன்: தராசு நின்றது என்பதற்காக மட்டும் யாரும் இதற்குப் போகக் கூடாது. முதல் தரத்தைவிடச் சிக்கல் வரும் வாய்ப்புக் கூட, குறையும் நிறை முதல் தரத்தைவிடக் குறைவு, அதன் பிறகு இரும்பும் கல்சியமும் பி12உம் உறிஞ்சப்படுவது இன்னும் குறையும், வலிக்கு இபுபுரூபன் டைக்லோஃபெனக் வகைக் குளிசைகளைப் பாவித்தால் இணைப்பில் புண் வரலாம். என் முழங்காலுக்கு அந்தக் குளிசைதான் அவ்வப்போது தந்தார்கள், ஆகவே எனக்கு இது இரட்டை நட்டம். வாழ்நாள் முழுக்க இரத்தப் பரிசோதனை, கொழும்புப் பயணம்.

ஆனால் மூதூரில் இருக்கும் என் சிநேகிதிக்கு இதே வழிதான் சரியாக இருக்கலாம். அவருக்கு ஸ்லீவ் செய்து 4 வருடம், அடிமட்டத்திலிருந்து 11 கிலோ ஏறிவிட்டது, அதைவிட மோசம் நெஞ்செரிவு. இரவில் மூன்று தலையணை வைத்து உட்கார்ந்த மாதிரி நித்திரை கொள்கிறார். ஸ்லீவுக்குப் பிறகு அமிலம் மேலே வருவது தெரிந்த சிக்கல், பைபாஸ் அதற்கு நல்ல மருந்து. கமரா விட்டுப் பார்த்து, பேரியம் குடிக்கவைத்துப் படமெடுத்து, வயிற்றின் வடிவில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் அவர். நானும் அவரும் ஒரே கேள்வியைக் கேட்டோம், "நிறை குறையேல்லை, என்ன செய்யிறது?" பதில் மட்டும் ஒன்றல்ல.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டியதை நான் கடைசியில்தான் செய்தேன், அதனால் எழுத்திலும் கடைசியில் வருகிறது. இரத்தம். தைரொயிட், இரும்புச் சேமிப்பு, பி12, விற்றமின் டி, மூன்று மாதச் சீனி. இதற்குக் கொழும்பு தேவையில்லை, இங்கேயே கொடுத்துவிட்டு முடிவைப் படமெடுத்து அனுப்பலாம். கூடவே குடிக்கும் குளிசைகளின் பெயர்களையும் அனுப்ப வேண்டும், ஏனென்றால் இன்சுலின், சில சீனிக் குளிசைகள், ஸ்டீரொயிட், மனநலத்துக்குத் தரும் சில மருந்துகள் நிறையைப் பிடித்து வைக்கும். யாரும் தானாக நிறுத்தக் கூடாது, மாற்றித்தர முடியுமா என்று கேட்கலாம். எனக்குத் தைரொயிட் சரி, இரும்பு மோசமாகக் குறைவு. படி ஏறும்போது மூச்சு வாங்கியதை நான் சோம்பல் என்று நினைத்துக்கொண்டு நடையைப் பாதியாக்கியிருந்தேன். இரும்புக் குளிசையைக் கல்சியத்தோடு சேர்த்து விழுங்கிக்கொண்டும் இருந்திருக்கிறேன், ஒன்று மற்றதை உறிஞ்ச விடாது, இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். தேத்தண்ணியும் அப்படித்தான். திரும்பவும் தேத்தண்ணி!

ஆகவே எனக்கு: 12 கிழமை, புரதம் 70 கிராம், கிழமைக்கு 3 நாள் தண்ணீர்க் கான், கச்சான் முடியும் வரை சனி ஞாயிறு உப்புவெளிக் கடல், இரும்புக் குளிசை தனியாக. பால் தேத்தண்ணி நாளுக்கு ஒன்று, சீனி இல்லாமல், மற்றதெல்லாம் வெறும் பிளேன்ரீ. ஆறாம் கிழமையில் இடுப்பை அளப்பேன், பன்னிரண்டாம் கிழமையில் இரத்தத்தைத் திரும்பக் கொடுப்பேன். அதற்குள் 3 கிலோவாவது போனால் அப்படியே தொடர்வேன். போகாவிட்டால், புரதக் கொப்பியையும் இரத்த முடிவையும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறி, ஊசியைப் பற்றிக் கதைப்பேன், ஒரு வருடத்துக்கு எவ்வளவு, எங்கே வாங்குவது, வாந்தி வந்தால் இங்கே யாரிடம் காட்டுவது என்ற மூன்று கேள்வியோடு. இரண்டாவது ஒப்பரேஷன் என் பட்டியலில் இல்லை.

இன்று 9ஆம் நாள். காலையில் 86.2. அம்மா இரண்டாவது சட்டியில் சூடைத் தீயல் வைத்திருக்கிறார், உப்புக் கூட.